நரம்பு என்று நான் சொன்ன துடிப்பு

சேவூரில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சித்தப்பா மகன், என் அண்ணனின் வலது கையில் கத்தியைப் போட்டான். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. தையல் ஆறி நான்கு மாதமாகியும் விரல்கள் மடங்கவில்லை. "கை செத்துப்போச்சின்னு மட்டும் தெரியட்டும், அவன உசுரோட வுட மாட்டேன்" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பைக் பெட்டியில் கத்தி இருந்தது. எங்கள் வீட்டுப் பங்காளிக் காய்ச்சல் எந்த மருந்துக்கும் இறங்காது.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நரம்பில் ஓடும் மின்துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் நிரல் எழுதுகிறவன். அண்ணனை அங்கே அழைத்துப் போனேன். டாக்டர் மணிக்கட்டில் மெல்லிய ஊசியை இறக்கி, விரலை மடக்க முயலச் சொன்னார். வெட்டைத் தாண்டி மூளையின் உத்தரவு வந்தால் திரையில் கோடு எழும்பும். எழும்பியது! அவன் சும்மா இருந்தபோதும் எழும்பியது. ஆசையில் அதை நான் கவனிக்கவில்லை. "நரம்பு உசுரோட இருக்குதுண்ணா" என்று கத்திவிட்டேன். அண்ணன் குலுங்கி அழுதான். ஊருக்குப் போனதும் கத்தியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அந்தப் பதிவின் மேல், கூடவே பதிவாகியிருந்த இதயத் துடிப்பைப் போட்டுப் பார்த்தேன். கோடுகள் ஒவ்வொன்றும் இதயத்தோடு ஒத்துப்போயின. பக்கத்து ரத்தக்குழாய் துடித்து ஊசியை அசைத்திருக்கிறது. அதைக் கழித்ததும் ஒன்றுமே மிஞ்சவில்லை. எங்கள் ஊரில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். "நரம்புல ஊசி போட்டாங்க" என்று யாராவது சொன்னால் கிண்டலடிப்பேன். படித்த மடையன், அதே தப்பைக் கணினியில் செய்திருக்கிறேன்.

உடனே போன் செய்தேன்.

"அண்ணா, அது நரம்பு இல்ல, நாடி. நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஆனா..."

நரம்பு மெல்ல வளரும், இன்னும் சில மாதம் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அரிசி டிரம்மில் அம்மா புதைத்து வைத்திருந்த கத்தியைத் தேடி எடுத்தான். பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தில், சித்தப்பா மகன் கழுத்தில் இடது கையால் வெட்டினான். பழகாத கை. நான்கு முறை வெட்ட வேண்டியிருந்தது.

அண்ணனை அடைத்திருந்த போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அத்தனை பேர் முன்னால் அம்மா என்னை அறைந்தாள்.

"பொய்யின்னா பொய்யாவே இருந்துட்டுப் போவுது. உன்ன யார்ரா நெஜத்த சொல்லச் சொன்னது? செத்தது ஒரு கைடா. நீ வாயத் தொறந்து ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்துட்ட."