ஆசிரியர் எண் இல்லாத பாடங்கள்

பதிவாளர் அலுவலகத்தில் அவளுக்கு 'அடைப்புக்குறி அக்கா' என்று பெயர் விழுந்திருந்தது. பல்கலைக்கழகத்தின் புதிய இணையதளத்துக்காகப் பாடப் பட்டியல்களை எல்லாம் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றுவது அவள் வேலை. பாடத்தின் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு குறி, பின்னால் அதை மூட இன்னொரு குறி. ஆசிரியருக்கும் வகுப்பறைக்கும் அப்படியே. ஒன்றை மூடாமல் விட்டாலும் கோப்பு மொத்தமும் படுத்துவிடும். அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களைக்கூட, "மூடிட்டுப் போ, அக்கா திட்டுவாங்க" என்று கேலி செய்வார்கள்.

பட்டியல்கள் துறைக்கு ஒரு தினுசாக வந்தன. புள்ளியியல் துறையில் இரண்டு பாடங்கள். முதலாவதைப் படிக்க இரண்டாவதை முடித்திருக்க வேண்டும், இரண்டாவதைப் படிக்க முதலாவதை முடித்திருக்க வேண்டும். "அப்போ இதுவரைக்கும் யார்தான் படிச்சாங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் சற்று யோசித்து, "படிச்சுட்டுத்தான் இருக்காங்க மேடம்," என்றார்.

அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். புவியியல் துறையில் பகுதி நேர விரிவுரையாளன். பழைய வரைபடங்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்தான். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சாப்பாட்டு மேசை முழுக்க அவன் வரைபடங்கள் கிடக்கும். தட்டு வைக்க இடமில்லை என்று அவள் முணுமுணுப்பாள். "அக்கா, ஆத்துக்கு இந்தப் பக்கம் வச்சுக்கோ," என்பான்.

சிக்கல் ஆசிரியர் எண்ணில் வந்தது. அந்த எண் இல்லாத பாடத்தைப் புதிய கணினி அமைப்பு ஏற்றுக்கொள்ளாது. நிரந்தர ஆசிரியர்களுக்குத்தான் எண் உண்டு, பகுதி நேரக்காரர்களுக்குக் கிடையாது.

"அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்திடட்டுமா சார்?" என்று மேலாளரிடம் கேட்டாள்.

"இப்ப வேண்டாம். எண் இல்லாதது எந்தெந்தப் பாடம்னு எடுத்துக் குடுங்க, மேல இருக்கவங்ககிட்ட பேசுறேன்."

எல்லோருக்கும் எண் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பட்டியலைத் தொகுத்தாள். தம்பியின் பாடம் அதில் இருந்ததைக் கண்டு சந்தோஷம்கூடப் பட்டாள்.

சில வாரங்களில் சுற்றறிக்கை வந்தது. நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடங்கள் வரும் ஆண்டு முதல் நிறுத்தப்படும் என்றிருந்தது. பின்னிணைப்பாக அவள் தொகுத்ததை அப்படியே சேர்த்திருந்தார்கள்.

அன்றிரவு தம்பி சாப்பாட்டு மேசையருகே நின்றபடியே அதைப் படித்தான்.

"இது நீ எடுத்துக் குடுத்ததாக்கா?"

"நம்பர் குடுப்பாங்கன்னு நெனச்சேன்டா."

அவன் தாளை மடித்தான். "ஒரு பிழைகூட இல்ல," என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் அவள் மேலாளரிடம் போய் நின்றாள்.

"நான் ஒண்ணும் முடிவு பண்ணலம்மா. மேல இருக்கவங்க நீங்க குடுத்த பட்டியலையே காரணமா எடுத்துக்கிட்டாங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்ல."

"நான் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்க முடியாதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்தப் பாடங்களுக்கெல்லாம் 'நிறுத்தம்' என்று குறிப்பதும் அவள் பொறுப்பாகவே வந்தது. அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எந்த நொடியில் தம்பியின் பாடத்தைக் கடந்து போனது என்று அவளால் பார்க்க முடியவில்லை.

வேறு ஊரில் ஒரு நில அளவை நிறுவனத்தில் தம்பிக்கு வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது அவளும் கூட உட்கார்ந்து சட்டைகளை மடித்தாள்.

"என் மேல கோவம்னா வாய் விட்டுச் சொல்லிடுடா."

"உன் மேல என்னக்கா கோவம்? உங்கிட்ட கேட்டதை நீ செஞ்ச," என்றான். சொல்லிவிட்டு, ஒட்டும் நாடா எங்கே என்று தேடினான்.

ஞாயிறுதோறும் போன் செய்கிறான். முட்டி வலி எப்படி, மாத்திரை போட்டாயா என்றெல்லாம் விசாரிப்பான். பல்கலைக்கழகப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. புதிய இணையதளம் திறந்த அன்று கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். அந்த ஞாயிறு அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"அங்க மழையாடா?" என்று கேட்டாள்.

"லேசாத் தூறுதுக்கா," என்றான்.