தம்பிக்குப் பதிலாக

மலாயாவில், பாலோ ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு அந்தப் புனிதர் ஒரு படமாகத்தான் வந்து சேர்ந்தார். கறுப்பு அங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஏழைப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்காகச் சொத்து சுகத்தையெல்லாம் விட்டவராம். அவர் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கப்போவதாகவும், வீட்டுக்கு ஒரு பிள்ளையையாவது அனுப்பும்படியும் கோயில் உபதேசியார் வீடு வீடாகக் கெஞ்சினார்.

எங்கள் வீட்டில் அந்த ஒரு பிள்ளை தம்பி என்று யாரும் கேட்காமலே முடிவானது. எனக்கு ஒன்பது வயது. மரத்தில் வடிந்து காய்ந்த ஒட்டுப்பாலை உரிக்க அம்மாவோடு போகவேண்டியவள். தம்பிக்கோ வாய்க்காலில் சண்டை மீன் பிடிப்பது தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. தினமும் மாலை ஜெபத்தில், "சாமி, தம்பிக்குப் பதிலா என்னைய அனுப்புங்க" என்று முணுமுணுத்துவந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கையில் தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அம்மா படத்துக்கு முன்னால் விழுந்தாள்.

"இவனப் பொழைக்க வைங்க சாமி. ஒங்க பள்ளிக்கூடத்துலயே விட்டுர்றேன்."

பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த நான் வழக்கமான என் வேண்டுதலையே சொல்லி முடித்தேன். ஐந்தாம் நாள் தம்பி இறந்துபோனான்.

"சாமிகிட்ட சொன்னது சொன்னதுதான். இவ போகட்டும்" என்றார் அப்பா. அவனுக்கென்று வாங்கிய சிலேட்டை அம்மா என்னிடம் கொடுத்தாள். தம்பிக்காக நானும் அழுதேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது மட்டும் அழுகை வரவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த அம்மா படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். "நான் கேட்டது ஒங்க காதுல விழவே இல்லையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அழாதம்மா, அவருக்கு நல்லாக் காது கேக்கும். நான் கேட்டதக் குடுத்தாருல்ல?" என்று என் வேண்டுதலை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் என்னை அடிக்கவில்லை, பிறகும் அதைப்பற்றிப் பேசியதில்லை. ஆனால் அதன்பிறகு ஜெப நேரத்தில் என் உதடு மெல்ல அசைந்தால் போதும், சட்டென்று திரும்புவாள்.

"சத்தமாச் சொல்லு."

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு உச்சரிப்பு திருந்தவேண்டும் என்பதற்காகச் சொல்கிறாள் என்றே நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.