நோயாளி மாமாவின் வாய்க்கோணல்

அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம் ஆறடிக்கு மேல். உடம்பில் நோய் எதுவும் இல்லை. நர்சிங் கல்லூரியின் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வில் நோயாளியாகப் படுக்க ஆள் தேடியபோது அவரை எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தில் அன்றுமுதல் அவர் 'நோயாளி மாமா'.

கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் நீண்ட பாதங்களோடு அவர் ஆண்டுதோறும் தேர்வு நாள் முழுவதும் படுத்திருப்பார். கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று காலமெல்லாம் கத்திய தொண்டைக்கு அது கடுங்காவல். மனைவிக்கோ அந்த விதி மிகவும் பிடித்துப்போயிற்று.

"இதையே வீட்டுலயும் கடைப்பிடிங்க, நான் முழு மார்க் போடுறேன்."

ஆறாவது ஆண்டு அவருடைய அக்கா மகள் தேர்வுக்கு வந்தாள். முந்தைய முறை, வேறொரு கட்டிலில் பெயரைக் கேட்காமலேயே நோயாளிக்கு மாத்திரை கொடுத்துத் தோற்றவள். இம்முறையும் தவறினால், கைக்கெட்டிய ஆஸ்பத்திரி வேலை போய்விடும். உறவினர் தேர்வுக்கு வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது மாமாவுக்குத் தெரியும். சொன்னால் கட்டிலைவிட்டு இறக்கிவிடுவார்கள், வாயை மூடிக்கொண்டார்.

அன்றைய பொறி இது: மருந்துச் சீட்டிலும் அவர் மணிக்கட்டுப் பட்டையிலும் ஒரே பெயர் இருக்கும், கேட்டால் அவர் வேறொரு பெயரைச் சொல்ல வேண்டும்.

அவள் வந்தாள். கையைக் கழுவினாள். பட்டையைப் பார்த்தாள். மாத்திரையை எடுத்தாள். பெயரை மட்டும் இன்னும் கேட்கவில்லை. விதிப்படி மாமா பேசக் கூடாது. ஆனால் உதட்டை அசைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! ஓசையின்றி, "பேரு... பேரக் கேளு" என்று ஒரு பக்கமாக வாயை இழுத்து இழுத்துக் காட்டினார்.

"ஐயோ மாமா!" என்று அலறிய அவள் மாத்திரையைத் தட்டிலேயே போட்டாள். "மேடம், வாய் கோணுது! பக்கவாதமா இருக்கும். ஐயா, சிரிங்க பாப்போம். ரெண்டு கையையும் தூக்குங்க. உங்க பேரச் சொல்லுங்க!"

சொல்ல வேண்டிய பெயரை, கடைசி இருக்கைக்கும் கேட்கும் குரலில் மாமா முழங்கினார். அவள் பட்டையை மறுபடி பார்த்தாள். "பேரு ஒத்துப்போகல மேடம். மருந்து குடுக்க மாட்டேன்."

தேர்வாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க குடுத்த நோய்ல வாய்க்கோணல் கிடையாதே. இந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?"

கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. விதிப்படி பதில் சொல்லியாக வேண்டும்.

"அக்கா மகளுங்க."

தேர்வு செல்லாது என்றார் தேர்வாளர். மாமாவை எழுப்பிவிட்டு, அதே கட்டிலில் வாயிற்காவலரைப் படுக்க வைத்து, அப்போதே மறுதேர்வு வைத்தார். தினமும் வாசலில் வணக்கம் சொல்லும் அந்த மனிதரிடம் அவள் முதலில் கேட்டதே பெயரைத்தான். அவர் சொன்னதைச் சீட்டோடும் பட்டையோடும் ஒப்பிட்டு, மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் மாத்திரையைத் தொட்டாள். தேறிவிட்டாள்.

அவள் வேலையில் சேர்ந்த பிறகும் வழக்கு ஓயவில்லை.

"நான் வாயக் கோணலேன்னா நீ தேறியிருப்பியா?"

"நீங்க கோணினதாலதான் மாமா ஒரே நாள்ல ரெண்டு பரீட்சை!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்பார் அத்தை. கல்லூரியிலிருந்து மாமாவுக்கு அதன்பின் அழைப்பு வரவில்லை.

நோயாளியாக இருந்த காலம்: ஆறு ஆண்டுகள்.