தண்ணீர் மாற்றச் சொன்ன செபஸ்தியான் அண்ணன்

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து செபஸ்தியான் அண்ணனின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அண்ணன் காலம்பற இறந்துட்டாரு." நான் பழக்கதோஷத்தில், "சரி அக்கா, அண்ணனைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

செபஸ்தியான் அண்ணனை உங்களில் பலர் அவருடைய கருவாட்டுக் கடையில் அறிந்திருப்பீர்கள். நான் அறிந்தது ஆஸ்பத்திரியில். இருவருக்கும் சிறுநீரகம் கைவிட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள், நான்கு நான்கு மணித்தியாலம், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் டயலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்தோம்.

எங்களுக்கு உப்பு ஆகாது. நாக்கு கேட்குமா? ஒருநாள் வெள்ளவத்தை வீட்டில், மனைவிக்குத் தெரியாமல், கட்டாக் கருவாட்டுத் துண்டொன்றைக் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரில் ஊறவைத்தேன். வாயில் வைத்தால் இன்னும் கரித்தது. அடுத்த முறை அவரிடம் முறையிட்டேன்.

"ஒரே தண்ணியிலயா? எதுவரைக்கும் படிச்சீங்க தம்பி?"

"விஞ்ஞானம் ரெண்டு தரம் எழுதினனான் அண்ணே. ரெண்டு தரமும் விஞ்ஞானம்தான் வென்றது."

அவர் சிரித்ததில் குழாய் ஆடியது, தாதி அதட்டினார். "மீன்ல உள்ள உப்பு கரைஞ்சு தண்ணிக்கு வரும்," என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "ரெண்டுலயும் உப்பு சரிசமம் ஆனா அவ்வளவுதான். நாள் முழுக்கக் கெடந்தாலும் குறையாது. ஊத்திட்டுப் புதுத் தண்ணி விடணும்." இயந்திரத்தைக் காட்டினார். "இது வேற என்ன செய்யுது? நாமதான் கருவாடு."

சில மாதங்களின் பின் எனக்கு வெறுத்துவிட்டது. முடிவு தெரிந்த கதைக்கு இத்தனை ஊசி எதற்கு? இரண்டு தடவை போகவில்லை. அவர் தொலைபேசியில் கத்தினார்: "பழைய தண்ணியில கெடக்காதீங்க! ஒங்க புள்ளைக்குப் பத்து வயசு." போனேன்.

கடந்த மாதம் அவரே வருவதை நிறுத்திவிட்டார். இதயம் தளர்ந்து, ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் மயங்கினார். வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "எனக்கு அவ்வளவு சொன்னனீங்கள். இப்ப நீங்களே?"

"நாலு தண்ணி மாத்தலாம் தம்பி. மேல மேல மாத்தினா மீனே உதிர்ந்துடும். ஒங்க மீன் இன்னும் கெட்டியா இருக்கு. போங்க."

என் மீனும் உதிரும். எனக்கும் டொக்டருக்கும் தெரியும், மகளுக்குத் தெரியாது. தனக்கு உதவாது என்று தெரிந்த பிறகும் எனக்கு அவர் சொன்ன அந்தப் "போங்க", அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். நாளை எனக்கு டயலிசிஸ் நாள். போவேன்.