டில்லி கவிழ்ந்தால்

டில்லியில் ஆட்சி கவிழ்ந்தால் என் அம்மா செத்துப்போவாள் என்று நான் நம்பிய இரண்டு நாட்கள் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜமாகவே நம்பினேன்.

அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். காப்பீட்டு அட்டையைக் காட்டி அரசு ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தோம். ஞாயிறு சேர வேண்டும், திங்கள் ஆப்பரேஷன். வெள்ளிக்கிழமை காலை டிவியில் கத்த ஆரம்பித்தார்கள்: கூட்டணிக் கட்சி ஒன்று ஆதரவை வாபஸ் வாங்கப்போகிறதாம், மத்திய அரசு தப்புமா? ஓடிப்போய் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அட்டையில் தலைவர் படம் இருக்கிறதே. எங்கள் ஊரில் ஆட்சி மாறினால் படம் மாறும், அட்டை மாறும், புது அட்டைக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவு நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மாவும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கவுந்துடுமாடி?" என்று மணிக்கொரு தரம் கேட்பாள். "சும்மா இரும்மா" என்று எரிந்து விழுவேன்.

சனிக்கிழமை தி. நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடையில், பச்சை கேட்டவருக்கு நீலத்தைப் பிரித்துப் போட்டேன். பில் போடும் அக்கா ஓரமாக இழுத்து விசாரித்தாள். சொன்னேன்.

"லூசா நீ? அட்டையில யாரு படம் கீது?"

"முதலமைச்சர்."

"டில்லியில இன்னா ஆனாலும் அவங்க இங்கதான இருப்பாங்க? அங்க எம்.பி. கணக்கு, இங்க எம்.எல்.ஏ. கணக்கு. ஒரு கட்சி கழண்டுகினா இன்னொண்ண சேத்துக்குவாங்க, பாதிக்கு மேல தலை இருந்தா போதும். அப்படியே கவுந்தாலும் ஆஸ்பத்திரி நம்மூருது, பூட்டமாட்டாங்க. போய் மூஞ்சிய கழுவு."

மத்திய அரசு வேறு, மாநில அரசு வேறு என்று பத்தாவது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பயத்தில் எல்லாம் போயே போய்விட்டது.

மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னேன்: "அம்மா, டில்லி எக்கேடு கெட்டா நமக்கென்ன. திங்கக்கிழமை ஆப்பரேஷன் நிச்சயம்."

அவள் முகம் தொங்கிப்போனது. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"கவுந்துடும்னு நினைச்சேண்டி" என்றாள். "எல்லாம் தள்ளிப் போயிடும்னு ரெண்டு நாளா சாமிய கும்புட்டுக்கினு இருந்தேன். நெஞ்சைப் பொளக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

தேதி வாங்கிய நாளிலிருந்து அவளிடம் ஒரு தடவைகூடப் பயமா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தாம்மா" என்றேன்.