சீரியல் பார்த்துப் போட்ட மொட்டை

வீட்டில் ஒருத்தருக்கு நோய் வந்தால் மற்றவர்கள் மொட்டை அடித்துக்கொண்டு போய் நின்றால் போதும், அவர் சிரித்துவிடுவார், சிரித்தால் பிழைத்துவிடுவார் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன். இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு காமெடி சீரியல்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி, புற்றுநோய். ஆபரேஷன் முடிந்திருந்தது. மேற்கொண்டு என்ன சிகிச்சை என்று சென்னை டாக்டர் அடுத்த வாரம் சொல்வதாக ஏற்பாடு. அந்த வாரத்தைத் தள்ளுவதுதான் பெரும்பாடாக இருந்தது. சோபாவில் சாய்ந்து டிவியையே வெறித்துக்கொண்டிருப்பாள். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறவள், என்ன ஜோக் அடித்தாலும் "ஆங்" என்பாள். அத்தோடு சரி.

அன்று சீரியலில் அந்த வீட்டு அம்மாவுக்கும் இதே வியாதி. மருந்தில் முடி கொட்டிவிடுமே என்று அழுகிறாள். உடனே புருஷன், மாமனார், மைத்துனன் என்று ஒவ்வொருத்தராக மொட்டைத் தலையோடு கதவைத் திறந்துகொண்டு வருகிறார்கள். பின்னணியில் யார் யாரோ கெக்கலித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்து, எல்லோரும் கட்டிப்பிடித்து, விளம்பரம் வந்துவிட்டது. என் மனைவியின் உதடு லேசாக அசைந்த மாதிரி இருந்தது. கொட்டாவியாகவும் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை எங்கள் திருத்தணி மலைமேல் போய்த் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். சவரம் செய்பவர், "மீசை?" என்றார். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது மீசை ஒரு கேடா? "எடுத்துடுங்க" என்றேன்.

சீரியல் எடுத்தவர்கள் திருத்தணிக்காரர்கள் இல்லை என்பது கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் மொட்டையைப் பார்த்து எவன் சிரிப்பான்? பஸ் ஸ்டாண்டில் பாதித் தலை அப்படித்தான். உள்ளூர்க்காரன் சந்தனம் பூசிக்கொண்டு வந்தால், வேண்டினது நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எதிர்வீட்டு அம்மா தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா அண்ணே, மீசகூட இல்லாம வந்துகினு இருக்கீங்க? வேண்டுதலா? பொண்ணுக்கு மாப்ள அமஞ்சிடுச்சா?"

பல்லைக் காட்டினேன். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

கதவைத் திறந்த மகள், "லூசா நைனா நீ? இன்னா மருந்துன்னே இன்னும் டாக்டர் சொல்லல" என்றாள்.

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னேன் இல்ல? இப்ப தெருவே வந்து இன்னா விசேஷம்னு கேக்கும். நான் இன்னாங்க சொல்லுவேன்?"

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா பூவோடு வந்தார், கல்யாணம் எப்போது என்று கேட்க. பொய் சொல்லக்கூட மனைவிக்குத் தெம்பில்லை.

"கல்யாணம்லாம் இல்லக்கா. எனக்கு கேன்சர். இவரு பயந்து போய் மொட்ட போட்டுகினு வந்துட்டாரு."

அந்த அம்மா பூவை மடியிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாளிலிருந்து எங்களுக்கும் சேர்த்து இட்லி ஊற்றினார்.

கதிர்வீச்சும் மாத்திரையும் போதும் என்றார் டாக்டர். அதில் தலைமுடி கொட்டாதாம். கொட்டவும் இல்லை. அவள் பின்னலும் என் மொட்டையுமாகத் தினமும் சென்னைக்கு ரயிலில் போய்வந்தோம். உட்கார இடம் கிடைத்தால் தூங்கினாள், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அத்தனை நாளில் ஒரு தடவையும் சிரிக்கவில்லை. சிகிச்சை முடிந்தது. பிழைத்துக்கொண்டாள்.