முகூர்த்த வேட்டியில் வேங்கைச் சாயம்

மயிலாப்பூர் வக்கீல் வீடுகளுக்குத் தேக்கு அலமாரி, அடையாறில் ஈட்டிமரச் சாப்பாட்டு மேசைகள், திருவான்மியூரில் ஒரு தெரு முழுக்க நிலைக்கதவு, மேற்கு மாம்பலத்தில் சொந்தமாக மூன்று மாடி. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன் செய்தது இவ்வளவு. சந்தேகம் இருந்தால் வந்து எண்ணிப் பாருங்கள்.

போன வாரம் தி. நகரில் நான் மரவேலை செய்த துணிக்கடையை இடிக்கிறார்கள் என்று போனேன். கவுண்டரை மெஷினில் அறுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். தேக்குத் தூள் என்றால் எண்ணெய் வாசம், பழைய தோல் செருப்பு மாதிரி. ஈட்டி லேசாக இனிக்கும். இது தொண்டையில் துவர்ப்பாகப் பிடித்தது. வேங்கை மரம்.

முதலாளியின் மகன் கடையின் நினைவு மலருக்குத் தான் எழுதியதைப் படித்துக் காட்டினார். எனக்கு வேகமாகப் படிக்க வராது. கவுண்டர் செய்தவன் நானாம். ஏகாம்பரம் பாலீஷைக் கெடுத்தானாம், நான் சரிசெய்தேனாம்.

எழுபதுகளில் ஒரு தீபாவளி. அப்போதைய முதலாளி பெரியவர் அண்ணாச்சி கேட்டது தேக்கு. அவ்வளவு நீளப் பலகை கிடைக்கவில்லை. வேங்கை உழைக்கும் என்று சொன்னவன் நான். பாலீஷ் என் கூட்டாளி ஏகாம்பரம் பொறுப்பு.

"வேங்க ஈரம் பட்டா சாயம் உடும் நைனா. ரெண்டு கை பாலீஷ் ஏறட்டும், நாலு நாள் குடு."

"தீபாவளி வந்துகினு கீது, நீ இன்னா நலுங்கு வைக்கிறியா? ஒரு கை எண்ணெயத் தடவித் தொடச்சி உடு."

துடைத்துவிட்டான். கடை திறந்த மூன்றாம் நாள் மழை. நனைந்த குடை, நனைந்த பை எல்லாம் கவுண்டர்மேல். அந்த ஈரத்திலேயே ஒரு கல்யாண வீட்டுக்கு வெள்ளை முகூர்த்த வேட்டிகளை எடுத்துப் போட்டார்கள். பிரித்தால் அடிமடிப்பு முழுக்க மஞ்சள்.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், சத்தம் போடமாட்டார். "கடைசியா கை வச்சது யாருலே?"

எங்கள் தொழிலில் கேள்வி அப்படித்தான் வரும். மரம் எடுத்தவனையும் அறுத்தவனையும் கேட்க மாட்டார்கள். கடைசிக் கை பாலீஷ்காரன், பழி அவனுக்கு. ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். நான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க" என்றான்.

பிறகு அந்தத் தெருவில் அவனை யாரும் கூப்பிடவில்லை. மாமரப் பலகையில் பழப்பெட்டி அடிக்கப் போனான். அவன் சொன்ன ரெண்டு கை பாலீஷை நான் ஏற்றினேன், கறை வரவேயில்லை. எனக்கு வேலை மேல் வேலை. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தான்.

"இன்னா மச்சி, கவுண்டர் எப்டி கீது?"

"கீது."

அவ்வளவுதான் பேசினோம். அவன் செத்த சேதி வந்த அன்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன், பட்டறைக்குப் போனேன். இப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

அறுத்த பலகையை லாரியில் ஏற்றிவிட்டார்கள். இனி அந்த மலர்தான் மிச்சம். அதனால் முதலாளி மகனிடம் சொன்னேன்: தம்பி, மாற்றி எழுதுங்கள். வேங்கையைத் தேர்ந்தெடுத்தவன் நான். கவுண்டரைச் செய்தவன் நான். நாலு நாள் தராதவனும் நான். செய்ததெல்லாம் என் பேரில் வரவேண்டும், ஒன்றுகூட விடாமல்.